நண்பர்களுடன் காரில் சென்று மேஜர் லீக் பேஸ்பால் ஆட்டம் பார்ப்பது எப்படி

அமெரிக்காவில் நண்பர்களோடு நெடுஞ்சாலை வழியே காரில் சென்று ஒரு தொழில்முறை பேஸ்பால் ஆட்டத்தைப் பார்க்க விரும்புவோர் பலரும் முதலில் விடுப்பு நாள்களையும் வழியையும் முடிவு செய்கிறார்கள்; அந்த நாள்களில் எங்கே ஆட்டம் நடக்கிறது என்பதைக் கடைசியில்தான் தேடுகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். ஆட்ட அட்டவணையை முதலில் கையில் எடுங்கள். ஊர், வழி, தங்குமிடம், விடுப்பு ஆகியவை எல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும்.

மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள் உள்ளன. அவற்றுள் 29 அமெரிக்காவிலும், ஒன்று கனடாவின் டொராண்டோவிலும் இருக்கின்றன. மார்ச் இறுதியில் தொடங்கிச் செப்டம்பர் இறுதி வரை ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அவற்றில் பாதி, அதாவது 81 ஆட்டங்கள், அதன் சொந்த மைதானத்தில் நடக்கின்றன. வெளியூர் அணி ஒன்று வந்தால் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு நாள்கள் அங்கேயே தங்கி, நாளுக்கு ஓர் ஆட்டமாக ஒரு தொடரை முடித்துவிட்டுத்தான் அடுத்த நகருக்குக் கிளம்பும். வெள்ளி முதல் ஞாயிறு வரை நடக்கும் தொடர்கள்தாம் பயணிகளுக்கு மிக வசதியானவை. திங்கட்கிழமைகளும் வியாழக்கிழமைகளும் பல அணிகளுக்கு ஓய்வு நாள்களாக அமைவதால் அந்த நாள்களை நம்பித் திட்டமிட வேண்டாம். ஜூலை நடுவில், நட்சத்திர வீரர்களின் ஆட்டத்தை ஒட்டிச் சில நாள்களுக்கு வழக்கமான ஆட்டங்களே இருப்பதில்லை. கோடை விடுப்பில் கிளம்புவோர் அந்த இடைவெளியைக் கவனித்துத் தவிர்த்துவிட வேண்டும்.

வழியைத் தேர்ந்தெடுப்பதுதான் திட்டத்தின் சுவையான பகுதி. அதற்கு ஒரு மாலைப்பொழுதையே ஒதுக்கி, வரைபடத்தையும் அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்து அமரலாம். மைதானங்கள் நெருக்கமாக இருக்கும் பகுதி கிழக்குக் கடற்கரை. அங்கே இன்டர்ஸ்டேட் 95 நெடுஞ்சாலையை ஒட்டியே பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா, பால்டிமோர், வாஷிங்டன் ஆகிய நகரங்கள் வரிசையாக வருகின்றன. நியூயார்க்கிலிருந்து பிலடெல்பியா ஏறத்தாழ 95 மைல். பால்டிமோரிலிருந்து வாஷிங்டன் 40 மைல்தான். பாஸ்டனில் 1912-ல் திறக்கப்பட்ட ஃபென்வே பார்க், இப்போது பயன்பாட்டில் உள்ள மேஜர் லீக் மைதானங்களிலேயே பழமையானது. அதன் இடப்புறத்தில் 37 அடி உயரத்தில் நிற்கும் பச்சைச் சுவரை நேரில் பார்க்கும்போதுதான், தொலைக்காட்சி அதை எவ்வளவு சிறியதாகக் காட்டியிருக்கிறது என்பது விளங்கும். பால்டிமோரில் 1992-ல் திறக்கப்பட்ட கேம்டன் யார்ட்ஸ், நகரின் நடுவே பழைய செங்கல் கட்டடம் ஒன்றை அணைத்தபடி கட்டப்பட்டது. அதற்குப் பின் வந்த பல மைதானங்களுக்கு அதுவே முன்மாதிரியாக அமைந்தது.

முதல் முறையாகச் செல்லும் குழுவுக்கு நான் பரிந்துரைப்பது மத்திய மேற்குப் பகுதியை. சிகாகோவிலிருந்து மில்வாக்கி இன்டர்ஸ்டேட் 94 வழியே சுமார் 90 மைல். செயின்ட் லூயிஸ் இன்டர்ஸ்டேட் 55 வழியே சுமார் 300 மைல். அங்கிருந்து கான்சஸ் சிட்டி மேலும் 250 மைல். சாலைகள் நேரானவை, நகரைவிட்டு வெளியே வந்தால் நெரிசலும் குறைவு. மைதானங்களும் ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறுபட்டவை. சிகாகோவில் 1914-ல் திறக்கப்பட்ட ரிக்லி ஃபீல்டில் ஆடுகளத்தின் தொலைவு எல்லையில் நிற்கும் சுவர் முழுவதும் ஐவிக் கொடி படர்ந்திருக்கிறது. பந்து அதில் சிக்கிக்கொண்டால், பேட்டர் வரிசையாகத் தொட்டுவர வேண்டிய நான்கு பேஸ்களில் இரண்டாம் பேஸ் மட்டுமே அவருக்குக் கொடுக்கப்படும். 1988 வரை அங்கே இரவு ஆட்டத்துக்கு விளக்கே இல்லாதிருந்தது. இன்றும் அங்கே பகல் ஆட்டங்கள் மற்ற ஊர்களைவிட அதிகம். மில்வாக்கி மைதானத்துக்குத் திறந்து மூடும் கூரை உண்டு. கான்சஸ் சிட்டியில் 1973-ல் திறக்கப்பட்ட காஃப்மன் ஸ்டேடியத்தில் ஆடுகளத்தின் எல்லைச் சுவருக்கு அப்பால் நீரூற்றுகள் ஓடிக்கொண்டிருக்கும். மூன்று நாள் பயணத்தில் இரண்டு ஆட்டங்களே போதுமானவை. நாளுக்கு ஒரு நகரம் என்று ஓடினால் ஆட்டத்தின் நினைவு மங்கி, சாலையின் களைப்பு மட்டுமே மிஞ்சும்.

ஒரே காரில் நான்கு பேர் செல்வது சரியான அளவு. ஐந்தாமவர் பின் இருக்கையின் நடுவில் மணிக்கணக்கில் ஒடுங்கி அமர வேண்டியிருக்கும். நால்வரில் குறைந்தது இருவராவது ஓட்டுநர்களாக இருப்பது கட்டாயம். வாடகைக் கார் எடுத்தால் அந்த இரண்டாம் ஓட்டுநரின் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்த்தாக வேண்டும். சேர்க்காதவர் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்காமல் போகலாம். 25 வயதுக்குக் குறைந்த ஓட்டுநருக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் வசூலிக்கின்றன. சுங்கச் சாலைகள் பலவற்றில் இப்போது பணம் வாங்கும் சாவடியே கிடையாது. கேமராவோ இ-இசட் பாஸ் போன்ற கருவியோ வண்டியைப் பதிவு செய்துகொள்ளும். வாடகைக் காரில் அந்தக் கட்டணம் எப்படிக் கணக்கிடப்படும், அதற்கு மேல் நாள்தோறும் சேவைக் கட்டணம் உண்டா என்பதைச் சாவியை வாங்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆட்ட நாளில் நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டும்படி திட்டமிட வேண்டாம். முதல் பந்து வீசப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே நகருக்குள் நுழைந்துவிடும்படி கிளம்பினால், நெரிசலில் ஒரு மணி நேரம் போனாலும் யாரும் பதற வேண்டியதில்லை. நேர மண்டலத்தையும் மறக்கக் கூடாது. சிகாகோ, மில்வாக்கி, செயின்ட் லூயிஸ் ஆகியவை மத்திய நேரத்தைப் பின்பற்றுகின்றன. டெட்ராய்ட், கிளீவ்லாந்து, பிட்ஸ்பர்க் ஆகியவை கிழக்கு நேரத்தைப் பின்பற்றுகின்றன. சிகாகோவிலிருந்து கிழக்கே டெட்ராய்ட் செல்பவர் வழியிலேயே ஒரு மணி நேரத்தை இழக்கிறார். கைப்பேசியில் காணும் ஆட்ட நேரம் நீங்கள் இருக்கும் இடத்தின் நேரமா, மைதானத்தின் நேரமா என்பதை முன்பே சரிபார்த்துவிடுங்கள்.

டிக்கெட்டைப் பொறுத்தவரை, நால்வரும் சேர்ந்து அமர விரும்பினால் ஒருவரே ஒரே முறையில் வாங்குவது நல்லது. ஆட்ட நேரம் நெருங்கும்போது மறுவிற்பனைத் தளங்களில் விலை குறைவது உண்டு. ஆனால் அப்போது கிடைப்பவை பெரும்பாலும் தனித்தனி இருக்கைகளும் இரட்டை இருக்கைகளுமாகவே இருக்கும். நீண்டகாலப் போட்டி அணிகளான நியூயார்க் யாங்கீஸும் பாஸ்டன் ரெட் சாக்ஸும், சிகாகோ கப்ஸும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸும் மோதும் தொடர்களில் அந்த விலைக் குறைவையும் எதிர்பார்க்க முடியாது. டிக்கெட்டுகள் அநேகமாக முழுவதும் கைப்பேசியிலேயே வருகின்றன. லீகின் பால்பார்க் செயலியை நால்வரும் நிறுவிக்கொண்டு, வாங்கியவர் மற்ற மூவருக்கும் அவரவர் டிக்கெட்டை அனுப்பிவிட வேண்டும். எல்லா டிக்கெட்டுகளும் ஒரே கைப்பேசியில் இருந்து அதன் பேட்டரி வாயிலருகே தீர்ந்துபோனால், பயணம் முழுவதும் அந்த வாயிலிலேயே சிக்கிக்கொள்ளும்.

இருக்கையைத் தேர்வதில் ஒரு சிறு நுட்பம் உண்டு. பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து, பந்து வீசும் பிட்சரின் மேடு வழியாக இரண்டாம் பேஸுக்குச் செல்லும் கோடு கிழக்கு-வடகிழக்கு நோக்கி இருப்பது விரும்பத்தக்கது என்று பேஸ்பால் விதிநூல் சொல்கிறது. எல்லா மைதானங்களும் இதைக் கடைப்பிடிப்பதில்லை என்றாலும், இப்படி அமைந்தவற்றில் மாலைச் சூரியன் ஹோம் பிளேட்டுக்கும் மூன்றாம் பேஸுக்கும் பின்னால் இறங்குவதால், அந்தப் பக்கத்து இருக்கைகளுக்கே நிழல் முதலில் வருகிறது. பேஸ்களுக்கு அப்பாலுள்ள வெளிக்களத்தின் வலப்புறத்தில் அமர்பவர்கள் நெடுநேரம் வெயிலைக் கண்ணில் வாங்க வேண்டியிருக்கும். ஜூலை மாதத்துப் பகல் ஆட்டத்துக்கு இது சிறிய விஷயம் அன்று. ஆட்டத்துக்குப் புதியவர்கள் விலையுயர்ந்த வெளிக்கள இருக்கைகளைவிட ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உள்ள மேல்தளத்தையே எடுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. பந்து எங்கே அடிக்கப்படுகிறது, அதற்கேற்ப ஒன்பது வீரர்களும் எப்படி ஒருசேர நகர்கிறார்கள் என்பது அந்த உயரத்திலிருந்துதான் தெளிவாகத் தெரியும். வீரர்கள் அமரும் டக்அவுட்டைத் தாண்டியும் பாதுகாப்பு வலை உண்டு. வலைக்கு அப்பால் அமர்ந்தால் ஒவ்வொரு வீச்சின்போதும் கண் மைதானத்தின் மேல் இருக்க வேண்டும். களத்தின் பக்கக் கோடுகளுக்கு வெளியே அடிக்கப்பட்டு இருக்கைகளுக்குள் வந்து விழும் ஃபவுல் பந்து பிடித்தவருக்கே சொந்தம்; ஆனால் பந்து ஆட்டத்தில் இருக்கும்போது சுவரைத் தாண்டிக் கையை நீட்டி அதைத் தடுத்தால் நடுவர் அதை இடையூறாக அறிவிப்பார்.

கிளம்புமுன் அந்தந்த மைதானத்தின் பை விதியைப் படித்துவிடுங்கள். பல இடங்களில் 16 அங்குல நீளம், 16 அங்குல உயரம், 8 அங்குல அகலத்துக்கு மேற்பட்ட பைகளை அனுமதிப்பதில்லை. சில இடங்களில் முதுகுப் பைகளுக்கே தடை உண்டு. வெளியிலிருந்து உணவும் மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலும் கொண்டுவரப் பல மைதானங்கள் அனுமதிக்கின்றன; நால்வர் செலவில் இது கணிசமான மிச்சம். உள்ளே பல இடங்களில் அட்டை மூலம் மட்டுமே பணம் செலுத்த முடியும். கார் நிறுத்துவதில் ஊருக்கு ஊர் நிலைமை வேறு. மில்வாக்கியிலும் கான்சஸ் சிட்டியிலும் மைதானத்தைச் சுற்றிப் பரந்த நிறுத்துமிடங்கள் உள்ளன. ரசிகர்கள் முன்கூட்டியே வந்து காரின் பின்பக்கத்தைத் திறந்து வைத்து, அங்கேயே இறைச்சி சுட்டு உண்டு மகிழ்வது அங்கெல்லாம் வழக்கம். ரிக்லி ஃபீல்டும் ஃபென்வே பார்க்கும் குடியிருப்புகளுக்கு நடுவே இருப்பதால், விடுதியிலேயே காரை விட்டுவிட்டு ரயிலில் செல்வதே அறிவுடைமை.

உள்ளே சென்ற பின் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் இரு அணிகளும் மும்மூன்று அவுட் ஆகும் வரை பேட் செய்யும். சொந்த ஊர் அணி எப்போதும் இரண்டாவதாகவே பேட் செய்யும். 2023-ல் பிட்சர் ஒவ்வொரு பந்தையும் வீசுவதற்குக் கால அளவு விதிக்கப்பட்ட பின், முன்பு மூன்று மணி நேரத்தைத் தாண்டிக்கொண்டிருந்த ஆட்டம் இப்போது சராசரியாக இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஆதலால் தாமதமாகச் சென்றால் இழப்பு முன்பைவிட அதிகம். ஒரு ஸ்கோர் அட்டையும் பென்சிலும் வாங்கி, ஒருவர் மாற்றி ஒருவர் குறித்துப் பாருங்கள். பிட்சர் 1, பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் 2, இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6 என ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. 6-4-3 என்று எழுதினால், ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து இரண்டாம் பேஸ்மேனுக்கு எறிய, அவர் முதல் பேஸ்மேனுக்கு எறிந்து இருவரை அவுட் ஆக்கினார்கள் என்று பொருள். மூன்று இன்னிங்ஸ் குறித்த பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றிய நேரங்களிலும் எவ்வளவு நடக்கிறது என்பது புரியத் தொடங்கும்.

மழைக்கும் ஒரு திட்டம் தேவை. ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டால் பொதுவாகப் பணம் திரும்பக் கிடைப்பதில்லை. அந்த டிக்கெட் மாற்று நாளுக்குச் செல்லும். வெளியூரிலிருந்து வந்தவருக்கு அதனால் பயன் குறைவு. ஆகவே தொடரின் கடைசி நாளைவிட முதல் அல்லது இரண்டாம் நாளுக்கு டிக்கெட் எடுப்பது நல்லது. மழையால் நின்ற ஆட்டத்தை மறுநாள் ஆட்டத்தோடு சேர்த்து ஒரே நாளில் இரட்டை ஆட்டமாக நடத்துவதற்கு அப்போது வாய்ப்பு இருக்கும். மழைக்காலத்தில் மில்வாக்கி, ஹூஸ்டன், சியாட்டில், மயாமி போன்ற கூரையுள்ள மைதானங்களைத் தேர்ந்தால் இந்தக் கவலையே இல்லை.

இரவு ஆட்டம் முடிந்ததும் நெடுஞ்சாலையில் ஏறி ஊர் திரும்பும் எண்ணத்தைத் திட்டத்திலிருந்தே நீக்கிவிடுங்கள். இரவு பத்து மணிக்கு ஆயிரக்கணக்கான கார்களோடு வெளியேறி, பகல் முழுவதும் விழித்திருந்த ஓட்டுநர் மேலும் நான்கு மணி நேரம் ஓட்டுவதைவிடப் பெரிய ஆபத்து இந்தப் பயணத்தில் வேறொன்றும் இல்லை. அன்றிரவு அதே நகரில் தங்குவதற்கான செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துவிட வேண்டும். காரை எடுக்கப்போகிறவர் மது அருந்தக் கூடாது. ஓட்டுநரின் இரத்தத்தில் ஆல்கஹால் அளவுக்கு யூட்டாவில் 0.05 விழுக்காடும் மற்ற மாநிலங்களில் 0.08 விழுக்காடும் சட்டத்தின் எல்லை என்றாலும், நண்பர்களின் உயிரைச் சுமப்பவருக்கு எல்லை பூச்சியமாகவே இருக்கட்டும். பல மைதானங்களில் மது அருந்துவதில்லை என்று பதிவு செய்துகொள்ளும் ஓட்டுநருக்கு ஒரு குளிர்பானத்தை இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

மறுநாள் திரும்பும் வழியில் நேரம் இருந்தால், மேஜர் லீகோடு இணைந்த 120 மைனர் லீக் அணிகளில் ஒன்று அருகில் ஆடுகிறதா என்று பாருங்கள். டிக்கெட் விலை மிகக் குறைவு. வீரர்கள் சில அடி தொலைவில் நிற்பார்கள். நாளைய மேஜர் லீக் வீரர் ஒருவரை இன்றே பார்க்கலாம். அந்த அணிகள் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டங்கள் ஆடித் திங்களன்று ஓய்வெடுப்பது வழக்கம் என்பதால், ஞாயிறு பிற்பகல் ஆட்டத்தைக் குறிவைத்து வழியை அமைத்துக்கொள்ளுங்கள்.