கிரீஸில் வீடு வாங்கிக் குடியிருப்பு அனுமதி பெறுவது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரீஸில் ஒரு வீட்டை வாங்கி, அதன் பேரில் ஐந்தாண்டுக் குடியிருப்பு அனுமதி பெற நினைப்பவர்களில் பலர் இரண்டு காரியங்களை ஒன்றென்று எண்ணிக்கொள்கிறார்கள். வீட்டை வாங்குவது ஒரு காரியம். அந்த வீட்டைக் காட்டி ‘கோல்டன் விசா’ என்று அழைக்கப்படும் அனுமதியைப் பெறுவது வேறொரு காரியம். கிரயப் பத்திரம் குறையில்லாமல் பதிவாகிச் சாவியும் கைக்கு வந்துவிட்ட வீடு, அனுமதிக்கு மட்டும் உதவாமல் போவது அங்கே நடக்கக்கூடியதே. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா, வரி கட்டியாயிற்றா என்பதைப் பத்திரத்தை நிறைவேற்றித் தரும் சட்ட அலுவலரான நோட்டரி பார்ப்பார்; குடிவரவு அதிகாரியின் கணக்கு வேறு. நாம் இங்கே காணவிருக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு கணக்குகளையும் குழப்பிக்கொள்வதால் வருபவை.

பழைய தொகையை நம்பிப் புறப்படுவது முதல் தவறு. கடன் நெருக்கடியில் நாடு தத்தளித்துக்கொண்டிருந்த 2013-இல் இத்திட்டம் தொடங்கியபோது, எங்கே வாங்கினாலும் 250,000 யூரோ போதும் என்றிருந்தது. வீட்டு விலையும் வாடகையும் உள்ளூர் மக்களுக்கு எட்டாமல் ஏறத் தொடங்கியதும், 2023 ஆகஸ்ட் 1 முதல் சில பகுதிகளுக்கு அது 500,000 ஆக்கப்பட்டது. 2024 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருப்பது அடுத்த உயர்வு: ஏதென்ஸ் அடங்கிய அட்டிகா, தெஸ்ஸலோனிகி, மிக்கோனோஸ், சாண்டோரினி ஆகிய இடங்களிலும் 3,100 பேருக்கு மேல் வசிக்கும் தீவுகளிலும் 800,000 யூரோ, மற்ற இடங்களில் 400,000 யூரோ. இதே போன்ற திட்டம் வைத்திருந்த நாடுகளில் போர்ச்சுகல் 2023 அக்டோபரில் வீட்டுமனை வழியை மூடிவிட்டது, ஸ்பெயின் 2025 ஏப்ரல் 3-இல் தன் திட்டத்தையே கைவிட்டது என்பதால், அங்கே போக இருந்தவர்களின் பார்வையும் கிரீஸ் பக்கம் திரும்பியிருக்கிறது. ஆனால் அவர்கள் பார்க்கும் காணொளிகள் பலவும் பழைய தொகையையே இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

250,000 யூரோ அடியோடு ஒழிந்துவிடவில்லை. வணிகப் பயன்பாட்டில் இருந்த கட்டடத்தை வீடாக மாற்றினாலும், பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடத்தைச் செப்பனிட்டாலும் அத்தொகை செல்லும். தரகர்கள் விளம்பரப்படுத்துவது இதைத்தான். முன்பு அலுவலகமாகவோ பட்டறையாகவோ இருந்த இடத்தை ‘விரைவில் குடியிருப்பு’ என்று சொல்லி விற்பார்கள். ஆனால் பயன்பாட்டு மாற்றம் முடிந்த பிறகுதான் அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும். வேலை இழுத்துக்கொண்டே போனால் வாங்கியவர் காத்திருக்க வேண்டியதுதான். ‘மாற்றிக் கொடுத்துவிடுவோம்’ என்ற வாய்ச்சொல்லுக்கும் கையில் இருக்கும் மாற்றச் சான்றுக்கும் உள்ள தூரம் சிறியதல்ல.

அடுத்தது பரப்பளவு. 400,000 ஆனாலும் 800,000 ஆனாலும், ஒரே சொத்தாக இருக்க வேண்டும், அதன் முதன்மைப் பரப்பு 120 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது புதிய நிபந்தனை. 200,000 வீதம் இரண்டு சிறு வீடுகளை வாங்கிக் கூட்டிக் காட்டும் வழி இப்போது இல்லை. இதில் சிக்குவது எப்படி என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். விளம்பரத்தில் 126 சதுர மீட்டர் என்று இருக்கிறது. போய்ப் பார்த்தால் வீடு உண்மையிலேயே விசாலமாகத் தெரிகிறது. ஆனால் கூடத்தை ஒட்டிய பகுதியில் தரை ஓடு வேறு நிறம். மேலே பார்த்தால் பழைய வெளிச்சுவரின் உத்தரம் இன்னும் துருத்திக்கொண்டிருக்கிறது. பால்கனியை அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் வைத்து அடைத்து அறையாக்கியிருக்கிறார்கள். அடித்தளத்தில் இருக்கும் பொருள் வைக்கும் அறையையும் விளம்பரத்தில் சேர்த்துவிட்டார்கள். இவை இரண்டையும் கழித்தால் பத்திரத்தில் நிற்பது 111. வீடு நல்ல வீடுதான், அனுமதிக்கு உதவாது. பால்கனியை அடைப்பது அந்த நாட்டில் ஊரறிந்த பழக்கம் என்பதால் யாரும் அதை மறைக்கக்கூட மெனக்கெடுவதில்லை. ஆகவே நம்பவேண்டியது விளம்பரத்தை அல்ல, பத்திரத்தையும் அனுமதி பெற்ற வரைபடத்தையும்தான். கட்டடம் வரைபடத்தோடு ஒத்துப்போகிறது என்ற பொறியாளரின் சான்று விற்பனைக்கே கட்டாயம். அதைப் பதிவு நாளன்று கேட்காமல், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு வாங்கிப் பார்த்துவிடுவது நல்லது.

முன்பணம் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிரீஸில் வழக்கமான முன்பண ஒப்பந்தத்தில், வாங்குபவர் பின்வாங்கினால் கொடுத்த தொகை போய்விடும். வீடு அனுமதிக்குத் தகுதியில்லை என்று பிறகு தெரியவந்தாலும் அது வாங்குபவரின் பின்வாங்கலாகவே கொள்ளப்படும், அந்தக் காரணத்துக்காக விலகலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளாவிட்டால். இந்த ஒரு வரியை எழுதிக்கொள்ள விற்பவர்கள் சுணங்கினால், அந்தச் சுணக்கமே ஒரு தகவல். தரகர் கையோடு அழைத்துவரும் வழக்கறிஞரை அமர்த்திக்கொள்வதும் தவிர்க்க வேண்டியதே. விற்பனை முடிந்தால்தான் தரகருக்குக் கூலி. வேண்டாம் என்று சொல்லத் தயங்காத ஒருவரல்லவா நமக்குத் தேவை?

பத்திரத்தில் எழுதும் விலையிலும் நம்மவர்களுக்குப் பழக்கதோஷம் ஒன்று உண்டு. நம் ஊரில் வழிகாட்டி மதிப்பு இருப்பதுபோல அங்கேயும் வரிக்காக அரசு குறித்த ஒரு மதிப்பு இருக்கிறது. பத்திரத்தில் குறைத்து எழுதி மீதியை ரொக்கமாகத் தருமாறு விற்பவர் கேட்டால், ஒப்புக்கொள்பவர் தன் அனுமதிக்குத் தானே குழி பறிக்கிறார். பத்திரத்தில் எழுதப்பட்டு, வங்கி வழியாகச் செலுத்தப்பட்ட தொகை மட்டுமே வரம்புக் கணக்கில் சேரும். வரியும் கட்டணங்களும் அந்தக் கணக்கில் வாரா. 400,000 யூரோ வீட்டுக்கு 3.09 விழுக்காடு சொத்துக் கைமாற்று வரியே 12,360 யூரோ. நோட்டரி, வழக்கறிஞர், பதிவு, தரகர் என்று மற்றவை தனி. கையில் சரியாக நான்கு லட்சம் யூரோ வைத்துக்கொண்டு புறப்படுபவர் பாதி வழியில் நின்றுவிடுவார்.

இந்தியாவில் வசிப்பவர்களுக்கு, பணத்தை அனுப்புவதே பெரிய வேலை. ரிசர்வ் வங்கியின் தாராளமாக்கப்பட்ட பணம் அனுப்பும் திட்டத்தின்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 250,000 டாலர் வரைதான் அனுப்பலாம். நான்கு லட்சம் யூரோ அதைத் தாண்டிவிடும். ஆகவே ஒன்று கணவனும் மனைவியும் சேர்ந்து அனுப்ப வேண்டும், அல்லது மார்ச்சில் ஒரு பகுதியையும் ஏப்ரலில் மறுபகுதியையும் அனுப்ப வேண்டும். இங்கேதான் அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கும் திட்டம் முட்டிக்கொள்கிறது. சொத்து வாங்கக் குடும்பத்தார் தங்கள் வரம்புகளைச் சேர்க்கவேண்டுமானால் அனுப்புகிறவர் அச்சொத்தில் பங்குதாரராகவும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கிரீஸின் விதியோ, கூட்டு உரிமையாளர்கள் கணவன் மனைவியாக இல்லாவிட்டால் ஒவ்வொருவரின் பங்கும் தனித்தனியே அனுமதிக்கான முழுத் தொகையை எட்ட வேண்டும் என்கிறது. இந்தியச் சட்டத்தைத் திருப்திப்படுத்தத் தம்பியின் பெயரையும் பத்திரத்தில் சேர்த்தால், அண்ணன் தம்பி இருவருக்குமே அனுமதி இல்லாமல் போகலாம். இரண்டு நாட்டு விதிகளையும் ஒரே மேசையில் விரித்துப் பார்க்காத ஆலோசகர்களால் இந்தத் தவறு நேர்கிறது.

அத்துடன், நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகையில் 20 விழுக்காட்டை வங்கி மூலத்திலேயே வரியாக வசூலித்துக்கொள்ளும். இரண்டு கோடி ரூபாய் அனுப்பினால் 38 லட்சம் ரூபாய் கூடுதலாகக் கையில் இருக்க வேண்டும். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ முடியும் என்றாலும் அதுவரை பணம் முடங்கியே கிடக்கும். இத்திட்டத்தில் சொத்து வாங்கப் பணம் அனுப்ப இந்திய வங்கிகள் கடன் தரக் கூடாது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

வாங்கிய வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டுச் செலவை ஈடுகட்டலாம் என்ற கணக்கும் இப்போது செல்லாது. புதிய விதிகளின்கீழ் அனுமதிக்காக வாங்கிய வீட்டை ஏர்பிஎன்பி போன்ற குறுகியகால வாடகைக்கு விட்டால் 50,000 யூரோ அபராதம், அனுமதியும் ரத்தாகும். நீண்டகால வாடகைக்கு விடத் தடையில்லை. ஆனால் தரகர் காட்டும் வருமான அட்டவணை எந்த வகை வாடகையை வைத்துப் போடப்பட்டது என்று கேட்டுவிட வேண்டும். கோடைக்காலத் தீவு வாடகையை ஆண்டு முழுவதற்கும் பெருக்கிக் காட்டும் அட்டவணைகளுக்குப் பஞ்சமில்லை.

அனுமதி எதைத் தருகிறது என்பதில் உள்ள மயக்கங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது கிரீஸில் வாழும் உரிமை. அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கும் உரிமை அல்ல. ஐரோப்பாவின் பொது விசாப் பகுதியான ஷெங்கனின் மற்ற நாடுகளில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம், ஜெர்மனியில் குடியேறிவிட முடியாது. விண்ணப்பித்ததும் தரப்படும் தற்காலிகச் சான்று கிரீஸுக்குள் தங்கத்தான் உதவும். அனுமதி அட்டை வருவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், அச்சான்றை நம்பிப் பாரிஸுக்குப் பயணச்சீட்டு எடுத்துவிடக் கூடாது. வீட்டைப் பவர் பத்திரம் கொடுத்து ஊரில் இருந்தபடியே வாங்கிவிடலாம், ஆனால் கைரேகை பதிய ஒவ்வொருவரும் நேரில் போக வேண்டும். பிள்ளைகளை 21 வயதுக்குள்தான் சேர்த்துக்கொள்ள முடியும். மகளுக்கு இருபது நடக்கும்போது வீடு தேடத் தொடங்குபவர்களுக்கு இது முக்கியம். அனுமதியைத் தக்கவைக்க அங்கே தங்கியிருக்கத் தேவையில்லை என்பது உண்மைதான். குடியுரிமைக்கோ ஏழாண்டுகள் மெய்யாகவே வசித்திருக்க வேண்டும், கிரேக்க மொழியிலும் தேற வேண்டும்.

வாங்கிய பிறகு செய்யும் தவறு, இந்தியாவில் வசிப்பவர்கள் வருமான வரிக் கணக்கின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் வீட்டைக் காட்டாமல் விடுவது. வாடகையே வராவிட்டாலும் காட்டியாக வேண்டும். தவறினால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தின்கீழ் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்படலாம்.

விற்கும் நாளையும் வாங்கும்போதே எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டை விற்றால் அனுமதியும் போய்விடும். வேறொரு வெளிநாட்டவர் அதே வீட்டை வாங்கி அனுமதி கேட்டாலும், அவர் விண்ணப்பிக்கும் காலத்து வரம்புதான் அவருக்கு. 2019-இல் ஏதென்ஸில் 250,000 யூரோவுக்கு 70 சதுர மீட்டர் வீடு வாங்கியவர், அனுமதியோடு சேர்த்து அதை நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம் என்று நினைத்திருப்பார். இன்று அந்த வீடு உள்ளூர்ச் சந்தையில் வெறும் வீடாகத்தான் விலைபோகும்.