பெரிய நினைவகத்தைக் கணினி கையாளும் முறை: உங்கள் கணினியிலேயே பார்த்தறியலாம்

தர்மபுரி, பாலக்கோடு, அரூர் பகுதிகளில் புதிதாகக் கணினி கற்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கணினி போதும்.

படி 1: செட்டிங்ஸில் சிஸ்டம், அதனுள் அபௌட் பகுதிக்குச் சென்று, ‘சிஸ்டம் டைப்’ வரியைப் பாருங்கள். 32 பிட் முகவரியால் 4 ஜிபி வரைதான் எண்ண முடியும். 64 பிட் என்றிருந்தால் தொடரலாம்.

படி 2: கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’, பிறகு ‘மெமரி’யைத் திறங்கள். ‘கமிட்டட்’ என்பதன் கீழ் உள்ள முதல் எண், நிரல்களுக்குத் தருவதாக விண்டோஸ் ஒப்புக்கொண்ட அளவு. இரண்டாவது, அது ஒப்புக்கொள்ளக்கூடிய உச்ச அளவு. ராம் 8 ஜிபியாக இருந்தும் இரண்டாவது எண் அதைத் தாண்டினால், கூடுதல் இடம், ராமுக்குத் துணையாக விண்டோஸ் வட்டில் வைத்திருக்கும் பேஜ் ஃபைல் என்னும் கோப்புடையது.

படி 3: ஸ்டார்ட் மெனுவில் ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ என்று தேடித் திறந்து, அதன் ‘மெமரி’ பகுதியில் ‘ஹார்டு ஃபால்ட்ஸ்’ வரைபடத்தைக் கவனியுங்கள். தேவைப்பட்ட பக்கம் (நினைவகத்தின் ஒரு சிறு துண்டு) ராமில் இல்லாமல் வட்டிலிருந்து எடுக்கப்படும்போது அது உயரும். நிரலைத் திறக்கும்போது உயர்வது இயல்பு. கணினி திணறும்போதெல்லாம் உயர்ந்தே நின்றால் ராம் போதவில்லை என்று கருதலாம். புதுக் கணினிக்குப் பணம் செலவிடும் முன் இதை வீட்டாரிடம் காட்டுங்கள். ராமைக் கூட்டினாலே போதுமானதாக இருக்கலாம்.

படி 4: ஒரு தாளில் 9, 9, 9, 9, 12 என்று எழுதிக் கூட்டுங்கள், 48 வரும். இதை நிதானமாகப் படியுங்கள். நிரல் அறிந்திருப்பது ராமின் நேரடி முகவரி அன்று, மெய்நிகர் முகவரியே. நினைவகம் 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பகுக்கப்பட்டு, எந்தப் பக்கம் ராமில் எங்குள்ளது என்பது பக்க அட்டவணையில் பதியப்படுகிறது. பரவலாகப் புழங்கும் 64 பிட் செயலிகளில் 48 பிட் கொண்ட அந்த மெய்நிகர் முகவரி, மாவட்டம், வட்டம், குறுவட்டம், கிராமம் என்று இறங்கிக் கதவு எண்ணை அடைவதுபோல, நிலைக்கு 9 பிட்டுகளாக நான்கு நிலை அட்டவணைகளைக் கடந்து, கடைசி 12 பிட்டுகளால் பக்கத்திற்குள் உரிய பைட்டை அடைகிறது.

ஒரே அட்டவணையாக வைத்திருந்தால், ஒவ்வொரு பதிவுக்கும் 8 பைட் வீதம், ஒரு நிரலின் அட்டவணைக்கே 512 ஜிபி தேவைப்படும். நிலைகளாகப் பிரித்ததால், பயன்படாத பரப்புக்கு அட்டவணையே உருவாக்க வேண்டியதில்லை. நான்கு முறை தேடும் தாமதத்தைத் தவிர்க்க, அண்மையில் கண்ட முகவரிகளைச் செயலி டிஎல்பி என்னும் சிறு நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது.

ஆனால் 1 ஜிபிக்கே 2,62,144 பக்கங்கள் ஆவதால், டிஎல்பியில் அவ்வளவும் கொள்ளாது. பக்க அளவை 2 எம்பியாக்கினால் 512 பதிவுகளே போதும். பெரிய தரவுத்தளங்களை இயக்கும் சர்வர்களில் இப்பெரிய பக்கங்களைப் பயன்படுத்துவது இதனால்தான்.