துருபதேசமும் நம் வீட்டுத் திருமணமும்: நாம் செய்யும் தவறுகள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமைதான் சம்பளம். அப்படி ஒரு சனிக்கிழமை இரவு, ஒரு தங்கை எங்கள் வீட்டுக்கு வந்தார். கணவர் சம்பளத்தை வீட்டில் கொடுத்து ஐந்து வாரமாகிறது. குடி கிடையாது, சீட்டு கிடையாது. "ஜெபத்துக்குத்தானுங்கண்ணா போறாரு, அதைப் போயி நான் எப்படீங்க வேண்டாம்னு சொல்றது?" என்றார். சபையில் கல்யாணத்துக்கு முன் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் நான் இருப்பதால் என்னைத் தேடி வந்திருந்தார். (ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அன்றைக்குத் தவறு செய்தது நான்தான். எந்தச் சபை, திரித்துவத்தை ஒப்புக்கொள்கிறார்களா, ஞானஸ்நானம் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று வரிசையாக விசாரித்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டேன். சம்பளம் எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றவே இல்லை.

துருபதேசம், அதாவது தவறான போதனை, என்ற சொல்லே உபதேசத்தை மட்டும் சோதிக்க நம்மைப் பழக்கிவிட்டது. உபதேசம் முக்கியம்தான். ஆனால் கள்ளத் தீர்க்கதரிசிகளைப் பற்றி மத்தேயு 7-ல் இயேசு எச்சரிக்கும்போது, கனிகளைப் பார்க்கச் சொல்கிறார். அந்தக் கனி சபையில் தெரிவதற்கு முன்னால் வீட்டில் தெரிந்துவிடும். கணவனுக்கு முதலில் தெரியும், அல்லது மனைவிக்கு.

கெட்ட கூட்டம் பார்த்தாலே கெட்டதாகத் தெரியும் என்று நினைப்பது இன்னொரு தவறு. 1978 நவம்பர் 18-ல் கயானா நாட்டின் ஜோன்ஸ்டவுனில் ஒரு மதக் கூட்டத்தைச் சேர்ந்த 900-க்கும் மேற்பட்டோர் தங்கள் தலைவரின் கட்டளைப்படி விஷத்தால் செத்துப்போனார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள். அவர்களை அங்கே கொண்டுபோன ஜிம் ஜோன்ஸ், அமெரிக்காவில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒன்றாக உட்காரும் சபையை நடத்தி, ஏழைகளுக்குச் சோறு போட்டுப் பெயர் வாங்கியவர். ஒரு பெரிய திருச்சபைப் பிரிவின் அங்கீகாரமும் அவருக்கு இருந்தது. படித்தவர்கள் ஏமாறமாட்டார்கள் என்பதும் நம் கற்பனை. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து யாரையும் தெரியாமல் இருப்பவர், வீட்டில் ஒரு சாவு விழுந்தவர், கடனில் மூழ்கியவர் என்று மனம் தளர்ந்திருக்கும் யாரும் போய்ச் சிக்கலாம். பட்டம் அதைத் தடுக்காது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. தகரக் கொட்டகையில் நடக்கிற சின்னச் சபையெல்லாம் துருபதேசம் என்று முத்திரை குத்துவது. லண்டன் மிஷன்காரர்கள் 1830-ல் கோயம்புத்தூருக்கு வந்தபோது அவர்களும் இந்த ஊருக்குப் புதியவர்கள்தானே? நகை போடாத சபை, வெள்ளைச் சேலைச் சபை எல்லாம் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். கோபுரம் வைத்த பெரிய சர்ச்சிலும் ஒரே ஆள் எல்லார் வீட்டு முடிவையும் எடுக்கிற நிலை வரலாம்.

சரி, வீட்டில் எதைப் பார்ப்பது? முதலில் ரகசியம். "இதை வீட்டுக்காரர்கிட்டச் சொல்லாதீங்க, அவருக்கு இன்னும் வெளிச்சம் வரல" என்று ஒரு ஊழியர் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சீர் நகையை அடகு வைத்துக் கட்டட நிதிக்குக் கொடுத்துவிட்டு, கணவருக்குக் கவரிங்கைக் காட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவரை எனக்குத் தெரியும். மகளிர் குழு லோனை எடுத்துக் காணிக்கை போட்டவரையும் தெரியும். காணிக்கை கொடுப்பது தவறல்ல, புருஷன் பெண்சாதி இருவருக்கும் தெரிந்து கொடுக்க வேண்டும். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தப்பித்தவர்களை இயேசு கடிந்துகொண்டது மாற்கு 7-ல் இருக்கிறது.

அடுத்தது படுக்கை. நாற்பது நாள் உபவாசம், கணவனோடு சேரக்கூடாது என்று வெளியாள் ஒருவர் தேதி குறிப்பது. பவுல் 1 கொரிந்தியர் 7-ல் இதைத் தெளிவாகவே எழுதிவிட்டார்: பிரிந்திருப்பதானால் இருவரும் சம்மதிக்க வேண்டும், அதுவும் சிலகாலம் மட்டும். மூன்றாம் ஆளுக்கு அதில் இடமே இல்லை. அமெரிக்காவின் வேக்கோவில் 1993-ல் தீயில் முடிந்த கூட்டத்தின் தலைவர் டேவிட் கோரேஷ், அதற்கு நான்கு வருடம் முன்பே, அங்கிருந்த தம்பதிகளின் திருமணம் செல்லாது, மனைவிகள் எல்லாரும் தனக்கே என்று அறிவித்திருந்தார். விவாகம் பண்ணக்கூடாதென்று கட்டளையிடுகிறவர்களைப் பற்றி 1 தீமோத்தேயு 4 எச்சரிப்பது இதனால்தான்.

நம் பக்கத்தில் பல வீடுகளில் ஒருவர்தான் இயேசுவை ஏற்றுக்கொண்டிருப்பார். மாமியார் மாரியம்மன் நோன்புக்குக் கம்பம் சுற்றப் போவார், மருமகள் ஜெபக்கூட்டத்துக்குப் போவார். தாலியைக் கழற்று, அவிசுவாசியோடு இருக்காதே என்று அந்த மருமகளிடம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே 1 கொரிந்தியர் 7, சேர்ந்து வாழச் சம்மதிக்கிற துணையைத் தள்ளிவிடக்கூடாது என்கிறது. அதை மட்டும் அந்த மேடையில் வாசிக்கமாட்டார்கள்.

சுகர் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் மட்டும் பொறுத்துப் பார்க்க நேரமில்லை. அன்றே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

கண்டுபிடித்த பிறகு நாம் செய்கிற தவறுகள்தான் அதிகம். ஒறம்பரையெல்லாம் (சொந்தக்காரர்களை) கூட்டி நடு வீட்டில் பஞ்சாயத்து வைப்போம். பைபிளைக் கையில் எடுத்துக்கொண்டு வசனத்துக்கு வசனம் மல்லுக்கட்டுவோம். ஊர் உலகம் உங்களைத் துன்புறுத்தும் என்று அந்தக் கூட்டத்தில் ஏற்கனவே சொல்லி வைத்திருப்பார்கள். நாம் போய் அதை நிரூபித்துக் கொடுக்கிறோம். இதைவிட, கூட உட்கார்ந்து சாப்பிடுவது நல்லது. "அங்கே உங்களுக்கு என்ன கிடைக்குதுங்க?" என்று உண்மையாகவே கேட்பது நல்லது. பேச்சு பேச்சாக இருக்கட்டும், புதுக் கடன் பத்திரத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளைகளின் படிப்பை யாருக்காகவும் நிறுத்தாதீர்கள்.

அடி விழுகிற வீட்டுக்கு இந்தப் பொறுமை பொருந்தாது. "கீழ்ப்படிஞ்சு போம்மா, ஜெபம் பண்ணு" என்று திருப்பி அனுப்புகிற போதகர், எந்தச் சபைக்காரராக இருந்தாலும், எபேசியர் 5-ஐப் பாதிதான் படித்திருக்கிறார். அந்தப் பகுதி தொடங்குவதே ஒருவருக்கொருவர் கீழ்ப்படியுங்கள் என்றுதான். கிறிஸ்து சபைக்காகத் தம்மைக் கொடுத்ததுபோல் அன்புகூரச் சொல்வது புருஷனுக்கு. 2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் கிறிஸ்தவ வீட்டுக்கும் பொருந்தும். 181-க்கு எந்த நேரமும் போன் செய்யலாம். அப்படிச் செய்வது விசுவாசக் குறைவு ஆகாது.

கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கிறோம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்கிறோம். ஆனால் ஆலோசனை வகுப்பில் பணத்தைப் பற்றிப் பேச நாங்களே கூச்சப்பட்டோம். இப்போது கேட்கிறேன்: காணிக்கை எவ்வளவு என்று யார் முடிவு செய்வீர்கள்? சண்டை வந்தால் முதலில் யாருக்குப் போன் போடுவீர்கள்? "பாஸ்டருக்கு" என்று பதில் வந்தால், "ஏன், கட்டிக்கப் போறவர் பக்கத்துலதானே உட்கார்ந்திருக்காரு, அவர்கிட்டப் பேசமாட்டீங்களா?" என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிற இருவருக்குப் பேச நேரம் எங்கே என்பதும் நியாயமான கேள்விதான். வாரத்தில் ஒரு வேளையாவது, போனைத் தள்ளி வைத்துவிட்டுச் சேர்ந்து சாப்பிடச் சொல்கிறேன். வீட்டில் காது கொடுப்பார் இல்லாதவரைத்தான் அந்தக் கூட்டங்கள் முதலில் கட்டியணைக்கின்றன.

அந்தத் தங்கையிடம் ஒரு மாதம் கழித்துப் போய் மன்னிப்புக் கேட்டேன். கணவரோடு நாலைந்து முறை டீக்கடையில் உட்கார்ந்தேன், உபதேசம் பேசவில்லை. தறிப்பட்டறையில் நஷ்டம் வந்து அப்பா இறந்ததை அவர் இதுவரை யாரிடமும் சொல்லி அழுததில்லை. இப்போதும் அந்தக் கூட்டத்துக்குப் போகிறார். சம்பளக் கவர் மட்டும் சனிக்கிழமை இரவு பிரிக்காமல் வீட்டுக்கு வருகிறது, இருவரும் சேர்ந்து எண்ணுகிறார்கள்.