பெட்ஷீட், டவல் வாங்கப் போகிறீர்களா? தராசும் லென்சும் எடுத்துக்கொள்ளுங்கள்

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் லேபிள் இல்லாமல் கிடைக்கும் டவலானாலும், நேரு வீதிக் கடையில் ஜிப் வைத்த உறையில் வரும் பெட்ஷீட்டானாலும் சோதிக்கும் முறை ஒன்றுதான்.

தேவையானவை: இன்ச் டேப், கொக்கி வைத்த லக்கேஜ் தராசு, ஒரு இன்ச் சதுரம் காட்டும் மடக்கு லென்ஸ். லென்சுக்குப் பதில் ஃபோன் கேமராவும் ஆகும். ஆனால் வெள்ளைத் துணியில் அதன் ஃபோகஸ் நிற்காது, லென்ஸே மேல்.

1. டவலை நிறுத்துப் பாருங்கள்

நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் பெருக்கி, கிராம் எடையை அதால் வகுத்தால் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை. 70க்கு 140 செ.மீ. டவல் என்றால் 0.98 சதுர மீட்டர். எடை 440 கிராம் என்றால் சுமார் 450 ஜிஎஸ்எம். நம் கடலோரக் காற்றுக்கு 400 முதல் 500 வரை சரியான அளவு. 600க்கு மேல் போனால் கைக்கு மெத்தென்று இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரே நாளில் காயாது, ஈர வாடை பிடித்துக்கொள்ளும்.

2. பெட்ஷீட்டில் நூலை எண்ணுங்கள்

பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான். த்ரெட் கவுன்ட் என்பது ஒரு சதுர இன்ச்சில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலையும் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் கூட்டி வரும் எண். பாவு 110, ஊடை 90 என்றால் 200. லேபிளில் 800 என்று போட்டிருக்கும், லென்சில் 200தான் தெரியும். காரணம், நான்கு மெல்லிய இழைகளை முறுக்கி ஒரே நூலாக்கிவிட்டு, ஒவ்வொரு இழையையும் தனித்தனியாக எண்ணியிருப்பார்கள்.

இதைக் கண்டுபிடிக்க, வெட்டு ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, முறுக்குக்கு எதிர்ப்பக்கமாகத் திருகுங்கள். பஞ்சாகப் பிரிந்தால் ஒற்றை இழை. இரண்டு, மூன்று நூலாகப் பிரிந்தால் பிளை நூல், அதாவது பல இழை முறுக்கிய நூல். லேபிள் எண்ணை அந்த இழைகளின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள். கடையில் நூல் உருவ விடமாட்டார்கள். சாம்பிள் துண்டு இருந்தால் கேளுங்கள்.

பிரிந்த பஞ்சையும் கவனியுங்கள். இழை நீளமாக இருந்தால் துணி சீக்கிரம் முடிச்சு முடிச்சாகக் குருணை கட்டாது. 1974இல் கோயம்புத்தூரில் உருவாக்கிய சுவின் பருத்தியின் பெயர் நிலைப்பதற்கு அந்த நீள இழைதான் காரணம். நல்ல ஒற்றை இழையில் 200 முதல் 300 வரையுள்ள சாதா நெசவை, அதாவது பெர்கேலை, நம் வெயிலுக்குத் தயங்காமல் எடுக்கலாம். சாட்டின் நெசவு வழவழப்பானது. அதில் நூல் மேலே நீளமாக மிதப்பதால் வளையலோ மெட்டியோ பட்டு இழுபடும்.

3. கஞ்சி, தையல்

துணியை இரு கைகளால் கசக்கித் தேயுங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தால் கஞ்சி ஏற்றியது. முதல் சலவையில் தொளதொளத்துவிடும். மடிப்புத் தையலில் இன்ச்சுக்கு 10 தையலாவது இருக்கட்டும். டவலில் பார்டருக்கும் நூல் வளையங்கள் உள்ள லூப் பகுதிக்கும் சுருக்கம் வேறுபடும். புதிதிலேயே பார்டர் நெளிந்திருந்தால் வாங்காதீர்கள்.

4. வீட்டில், துவைத்த பிறகு

புது டவலில் தண்ணீர் முத்தாக நின்றால் பதறவேண்டாம். மெத்தென்று இருக்கப் போட்ட சாஃப்ட்னர் அது. மூன்று சலவைக்குப் பிறகும் சொட்டு சில விநாடிகளில் உள்ளே இறங்கவில்லை என்றால்தான் குறை. சலவையில் நீங்கள் சாஃப்ட்னர் ஊற்றினாலும் இதே நிலைதான். பெட்ஷீட் 5 சதவீதம் வரை சுருங்கலாம். 72 இன்ச் அகல, 8 இன்ச் தடி மெத்தைக்கு இரு பக்கமும் 6 இன்ச் செருக 100 இன்ச் வேண்டும். 108 வாங்கினால் சுருங்கியும் போதும்.

பின்சேர்க்கை

"நல்ல டவல்தான், ஆனால் விறைத்துப்போகிறது" என்று கடலூரிலிருந்து சிலர் கேட்டிருந்தார்கள். இது தண்ணீர்க் கோளாறு. கடினநீரின் சுண்ணாம்புப் படிவு என்றால் கடைசி அலசலில் ஒரு பக்கெட்டுக்கு 100 மி.லி. வெள்ளை வினிகர் விடுங்கள். பிளீச்சோடு மட்டும் சேர்க்கவே கூடாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வினிகர் உதவாது. உப்பு இழையில் தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ பிடித்து வையுங்கள்.

டவலில் லூப் இழுபட்டால் பிடித்து இழுக்காதீர்கள், வரிசையே அவிழும். கத்தரியால் மட்டமாக வெட்டிவிடுங்கள்.