பிரசவத்துக்கு என்ன உடுத்துவது? வலி எடுத்ததிலிருந்து முதல் ஆறு வாரம் வரை

முதல் பிரசவத்துக்குப் பை கட்டும்போது புதிதாக ஒரு நைட்டி வாங்கித் துவைத்து, இஸ்திரி போட்டு மடித்து வைத்தேன். வெளிர் நீலம், மணிக்கட்டு வரை வந்து எலாஸ்டிக்கோடு முடியும் கை, பார்க்க அழகாகத்தான் இருந்தது. லேபர் ரூமுக்குள் போன அரை மணி நேரத்தில் இடது கையில் ஊசி குத்தி டிரிப்ஸ் போட்டார்கள். வலது கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றப் பார்த்தால் அந்த எலாஸ்டிக் முழங்கையைத் தாண்டி ஏறவே மறுத்தது. அப்புறம் பனிக்குடம் உடைந்து எல்லாம் நனைந்தபோதுதான் உண்மையான கூத்து. ஈரத் துணியைக் கழற்ற வேண்டுமானால் டிரிப்ஸ் பாட்டிலைக் கம்பியிலிருந்து இறக்கி, நைட்டியின் கைக்குள் நுழைத்து, அந்தப் பக்கமாக இழுக்க வேண்டும். ஒரு வலி விட்டு அடுத்த வலி வருவதற்குள் கிடைத்த மூன்று நிமிடத்தில் நானும் நர்சும் அந்த சர்க்கஸைச் செய்து முடித்தோம். நைட்டி அதற்கப்புறம் பையை விட்டு வெளியே வரவில்லை.

இரண்டாவது முறை கொஞ்சம் புத்தி வந்திருந்தது. கடையில் எந்தத் துணியைத் தொட்டாலும் இரண்டே கேள்விதான்: இதைப் போட்டிருக்கும்போது மற்றவர்கள் கை எங்கெல்லாம் வர வேண்டியிருக்கும், இதை நான் ஒரு கையால் திறந்து மூட முடியுமா. இந்த இரண்டுக்கும் பதில் சரியாக வந்தால் துணி பழையதா புதியதா, நிறம் பொருந்துகிறதா என்பதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

முதலில் ஒரு வேலை. நீங்கள் போகும் ஆஸ்பத்திரியில் வலி நேரத்தில் சொந்த உடை போட விடுவார்களா என்று ஏழாம் எட்டாம் மாதச் செக்கப்பிலேயே கேட்டுவிடுங்கள். பல இடங்களில் அவர்களே பின்பக்கம் நாடா கட்டும் கவுன் கொடுத்துவிடுவார்கள், அப்போது லேபர் ரூமுக்கென்று எதையும் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். சில இடங்களில் இரண்டில் எது வேண்டுமோ போட்டுக்கொள்ளுங்கள் என்பார்கள்.

சொந்த உடை என்றால், உங்கள் உடம்பில் என்னென்ன நடக்கப்போகிறது என்று வரிசையாக நினைத்துப் பாருங்கள். கையில் ஊசி இருக்கும், அடிக்கடி பிரஷர் பார்ப்பார்கள். ஆகவே கை அரைக்கையாக, தோள் வரை சுருட்டும் அளவுக்குத் தொளதொளவென்று இருக்க வேண்டும். தோளிலேயே பட்டன் வைத்துத் திறக்கும்படி இருந்தால் டிரிப்ஸோடு மாற்றுவது இன்னும் சுலபம். குழந்தையின் இதயத்துடிப்பையும் வலியையும் பதிவு செய்ய வயிற்றைச் சுற்றி இரண்டு பெல்ட் போடுவார்கள், அதனால் உடை வயிற்றுப் பக்கம் விலகித் திறக்கவோ மேலே தூக்கவோ தோதாக இருக்க வேண்டும். கர்ப்பவாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று அவ்வப்போது உள்ளே பரிசோதிப்பார்கள், ஒவ்வொரு தடவையும் பேண்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க யாருக்கும் தெம்பு இருக்காது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும் உடைதான் எனக்குப் பிடித்த அளவு. கணுக்கால் வரை தொங்கினால் நடக்கும்போது தடுக்குகிறது, கழிப்பறையில் நனைகிறது. முதுகுத்தண்டில் ஊசி போட்டு வலியைக் குறைக்கும் எபிடியூரல் கேட்கும் எண்ணம் இருந்தால் இடுப்புக்கு மேல் முதுகும் திறக்க வேண்டும். குழந்தை வந்ததும் உங்கள் வெறும் நெஞ்சின் மேல் படுக்க வைப்பார்கள், முதல் பாலும் அங்கேயே கொடுக்கலாம், அதற்கு முன்பக்கமும் திறக்க வேண்டும். இப்படி எல்லாப் பக்கமும் திறக்கும் துணி எங்கே கிடைக்கும் என்று கேட்டால், வீட்டு அலமாரியில்தான். உங்களைவிட இரண்டு சைஸ் பெரிய பழைய பருத்திச் சட்டை, முன்னால் மேலிருந்து கீழ்வரை பட்டன் வைத்தது, இந்த வேலைகள் அத்தனைக்கும் வளைந்துகொடுக்கும். கொஞ்சம் நீளமாக இருந்தால் போதும், எபிடியூரலுக்குப் பின்பக்கம் தூக்கிவிட்டால் முதுகும் கிடைத்துவிடும். ரத்தமும் பனிக்குட நீரும் படத்தான் போகிறது, முடிந்ததும் தூக்கிப் போட்டாலும் மனசு வலிக்காத துணியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

துணி பருத்தியாக இருக்கட்டும். வலி கூடும்போது வியர்த்து ஊற்றும். ஆனால் குழந்தை பிறந்ததும் பலருக்குப் பல் கிட்டி உடம்பு தூக்கிப் போடுகிற மாதிரி நடுக்கம் வரும், அது பொதுவாகச் சிறிது நேரத்தில் அடங்கிவிடும், எனக்கு இரண்டு தடவையும் வந்தது. அந்த நேரத்துக்கு முன்பக்கம் திறக்கிற மெல்லிய ஸ்வெட்டரோ ஒரு பெரிய சால்வையோ கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் நல்லது. தலை வழியாகப் போடும் எதுவும் வேண்டாம், டிரிப்ஸ் கதை மறுபடி ஆரம்பித்துவிடும். காலுக்கு, அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸ் ஒரு ஜோடி. சாதாரண சாக்ஸோடு மொசைக் தரையில் நடந்து வழுக்கினால் அது வேறு வம்பு.

உள்ளாடை விஷயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வலி லேசாக இருக்கும்போதும் பனிக்குடம் உடைந்த பிறகும் பெரிய ஜட்டியும் வெள்ளை நிறப் பேடும் போட்டிருங்கள். வெள்ளையாக இருந்தால்தான் நீரின் நிறம் தெரியும். அது தெளிவாகவோ வெளிறிய மஞ்சளாகவோ இல்லாமல் பச்சையாகவோ பழுப்பாகவோ, அல்லது ரத்தமாகவோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும். பேடை மாற்றும்போது தூக்கி எறியாமல் ஒரு கவரில் வைத்திருந்து நர்சிடம் காட்டலாம். ப்ரா விருப்பம்தான், போடுவதானால் முன்பக்கம் கொக்கி உள்ள, கம்பி இல்லாதது. நான் இரண்டாவது முறை போடவே இல்லை, யாரும் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

நகை, மோதிரம், மூக்குத்தி எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். கடைசி மாதத்தில் விரல் வீங்கும், மோதிரம் இறுகத் தொடங்குவதற்கு முன்பே சோப்பு போட்டுக் கழற்றிவிடுங்கள். சிசேரியனுக்குப் போனால் உலோகம் எதுவும் உடம்பில் இருக்க விடமாட்டார்கள், நகப்பூச்சையும் அழிக்கச் சொல்வார்கள், ஏனென்றால் ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கிளிப்பை விரல் நகத்தில்தான் மாட்டுகிறார்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் கண்ணாடியை எடுத்துப்போங்கள். நீளமான முடி என்றால் இரண்டு ரப்பர் பேண்ட்.

சிசேரியன் என்று முன்பே முடிவாகியிருந்தால் வேலை பாதியாகிவிடும். அறுவை அரங்கில் அவர்கள் கவுன்தான், உள்ளாடை உட்பட எல்லாம் கழற்றியாக வேண்டும். சிறுநீர்க் குழாய் சில மணி நேரம், பெரும்பாலும் ஒரு நாள் வரை இருக்கும், அதுவரை பேண்ட் வகையறா பக்கமே போக வேண்டாம், முன்பக்கம் திறக்கும் நைட்டியே போதும். ரத்தம் உறையாமலிருக்கக் காலில் இறுக்கமான நீளச் சாக்ஸ் போட்டுவிட்டால் அரிக்கிறது என்று நீங்களாகக் கழற்றாதீர்கள், எப்போது கழற்றலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிரசவத்துக்கு அப்புறம். புதிதாகத் தாயாகப்போகிறவர்கள் ஏமாந்துபோகிற இடமும் இதுதான். வயிறு அன்றே உள்ளே போய்விடும் என்ற நினைப்பில் பழைய உடையை எடுத்துப்போவார்கள். குழந்தை வெளியே வந்தாலும் வயிறு ஐந்தாறு மாத வயிறு போலத்தான் இருக்கும். கர்ப்பப்பை சுருங்கி இடுப்பெலும்புக்குள் இறங்கவே இரண்டு வாரம் ஆகும், பழைய அளவுக்கு வர ஆறு வாரம். ஆக, வீடு திரும்பும் அன்றைக்கு ஆறாம் மாதத்தில் எது உங்களுக்குத் தளர்வாக இருந்ததோ அதையே எடுத்து வையுங்கள். செருப்பும் அப்படித்தான், குனிந்து வார் மாட்டத் தேவையில்லாத, ஒரு சைஸ் பெரியது. சிலருக்குப் பிரசவத்துக்குப் பிறகு முதல் வாரத்தில் கால் இன்னும் அதிகமாக வீங்கும்.

ரத்தப்போக்கு சுகப்பிரசவமோ சிசேரியனோ இரண்டிலும் உண்டு. முதல் சில நாள் சிவப்பாக, அதிகமாக. அப்புறம் பழுப்பாகி, வெளிறி, நாலு முதல் ஆறு வாரத்தில் நிற்கும். உள்ளே வைக்கும் டாம்பனோ கப்போ இந்த நாட்களில் கூடாது, கிருமி தொற்றிவிடும். நீளமான, தடிமனான பிரசவப் பேட்தான். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தாலோ, பெரிய கட்டிகள் விழுந்தாலோ, தலை சுற்றினாலோ துணியைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரியைக் கூப்பிடுங்கள்.

அந்தப் பேடைத் தாங்க ஜட்டி வேண்டுமே. மெல்லிசாக, கீழே இறங்கி நிற்கும் ரகம் எதையும் வாங்காதீர்கள். அடர்நிறப் பருத்தியில், வழக்கத்தைவிட ஒன்றோ இரண்டோ சைஸ் பெரியதாக, எலாஸ்டிக் தொப்புளுக்கு மேல் வரும் அளவுக்கு உயரமானது எட்டுப் பத்து வேண்டும். சிசேரியன் தையல் அடிவயிற்றில் குறுக்காக, முடி தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும், சாதாரண ஜட்டியின் எலாஸ்டிக் சொல்லி வைத்தாற்போல் சரியாக அந்தக் கோட்டின் மேல்தான் உட்காரும். நாலாம் நாள் எழுந்து உட்காரும்போது அது உரசினால் எப்படி இருக்கும் என்று எழுத வேண்டியதில்லை. சிசேரியன் திட்டமே இல்லாதவர்களும் உயரமானதையே வாங்குங்கள், கடைசி நேரத்தில் திட்டம் மாறுவது நடக்கிற விஷயம். சுகப்பிரசவத்தில் கீழே தையல் போட்டவர்களுக்கு நைலான், இறுக்கமான லெக்கிங்ஸ் இரண்டும் ஆகாது, காற்று போக வேண்டும். ஒரு முறை போட்டுத் தூக்கிப் போடும் வலை ஜட்டி முதல் இரண்டு நாளுக்கு அருமையான பொருள். அழகைப் பற்றி மட்டும் பேசக் கூடாது.

ப்ராவை ஐந்தாம் மாதத்தில் வாங்கி வைப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். 36 வாரத்துக்கு மேல் அளவு பார்த்து, கப்பில் ஒரு விரல் நுழைகிற மாதிரி இடம் விட்டு, இரண்டு மட்டும் வாங்குங்கள். பிரசவமாகி இரண்டிலிருந்து ஐந்து நாளுக்குள் பால் இறங்கும்போது மார்பு கல் மாதிரி கனத்துப் பெருக்கும், சில வாரத்தில் தணியும், அப்புறம் உங்கள் நிலையான அளவு தெரிந்தபின் மீதியை வாங்கலாம். கம்பி வைத்தது இப்போதைக்கு வேண்டாம். ஒரே இடத்தில் அழுத்தினால் அங்கே பால் கட்டி, வீங்கிச் சிவந்து, காய்ச்சல் வரை போகும். முதுகுக் கொக்கியைப் போடும்போது மிகத் தளர்வான கடைசி வரிசையே இப்போது இறுக்கமாக இருந்தால் அடுத்த சைஸ். பால் கசிவுக்குப் பேட் வைப்பவர்கள் நனைந்ததும் மாற்றிவிடுங்கள், ஈரத்தோடு இருந்தால் காம்பு ஊறிப் புண்ணாகும்.

வாங்குமுன் கடையில் செய்ய முடியாவிட்டாலும் வீட்டுக்கு வந்து விலைச்சீட்டைக் கிழிக்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். உட்கார்ந்துகொண்டு, இடது கையில் ஒரு தலையணையைக் குழந்தை மாதிரி ஏந்தி, விளக்கை அணைத்துவிட்டு, வலது கையால் மட்டும் நைட்டியைத் திறந்து, ப்ராவின் கிளிப்பை எடுத்து, மறுபடி மூடிப் பாருங்கள். அப்புறம் கை மாற்றி. ஜிப் வைத்த ஃபீடிங் நைட்டிகள் சில இதில் தோற்றுப்போகும்: ஒரு கையால் ஜிப்பை இழுத்தால் துணியும் சேர்ந்து கீழே வரும், மறுமுனையைப் பிடிக்க இன்னொரு கை தேவை. உலோக ஜிப்பின் பல் குழந்தையின் கன்னத்தில் கோடு போடுவதும் உண்டு. அழுத்தினால் மூடுகிற பிரஸ் பட்டன் ஒரே இழுப்பில் திறக்கும், அதன் ‘டப் டப்’ சத்தம் தூங்கும் குழந்தையை எழுப்பும் என்பதுதான் அதற்குச் சொல்லக்கூடிய ஒரே குறை. ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து விலக்கினால் திறக்கிற மாதிரித் தைத்தது கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

முதல் வாரங்களில் ராத்திரி வியர்வையில் நனைந்து எழுவீர்கள், ஹார்மோன் இறங்குவதால் வருவது. காய்ச்சல், குளிர் இருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள். இந்த வியர்வையும் கசிகிற பாலும் சேர்ந்து ஒரு நாளைக்கு மூன்று நைட்டி கேட்கும். பூப்போட்ட அச்சுத் துணி, அடர்நிறம் என்றால் பால்கறை தெரியாது. ரத்தக்கறையைப் பச்சைத் தண்ணீரில் ஊற வையுங்கள், வெந்நீர் பட்டால் கறை அங்கேயே படிந்துவிடும்.

வயிற்றுப் பெல்ட் பற்றி எல்லோரும் கேட்பார்கள். சிசேரியன் ஆனவர்களுக்கு இருமும்போது, எழுந்து நடக்கும்போது ஒரு தாங்கலாக இருக்கும், அது உண்மை. ஆனால் வயிறு குறையும் என்று மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் எல்லாம் கீழே இடுப்புத்தளத் தசைகளின் மேல் போகும், ஏற்கனவே தளர்ந்து கிடப்பவை அவை. டாக்டரைக் கேட்டு, தளர்வாக, பகலில் கொஞ்ச நேரம் போட்டால் போதும்.

பையை 36 வாரத்துக்குள் கட்டிவிடுங்கள், ப்ராவை மட்டும் வாங்கியதும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே பையில் எல்லாவற்றையும் திணிக்காமல், வலி நேரத்துக்கு ஒரு கவர், பிரசவத்துக்குப் பின் ஒரு கவர், வீடு திரும்ப ஒரு கவர் என்று பிரித்து, மேலே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். அந்தப் பையைத் திறக்கப்போவது நீங்கள் இல்லை. முதல் தடவை நான் ‘பெரிய ஜட்டி ஒன்று எடுங்கள்’ என்று சொல்ல, என் கணவர் பதற்றத்தில் பை முழுவதையும் கட்டிலில் கவிழ்த்துத் தேடிவிட்டு, கடைசியில் நீட்டியது குழந்தையின் குல்லா.