1869: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் முதல் சீசனைப் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் ஆண்டுவாரிப் பட்டியலை எடுத்தால் முதல் வரி 1869. இரண்டே அணிகள், இரண்டே ஆட்டங்கள். நவம்பர் 6, சனிக்கிழமை, நியூ ஜெர்சி மாநிலத்து நியூ பிரன்ஸ்விக் ஊரில் ரட்கர்ஸ் கல்லூரி பிரின்ஸ்டன் கல்லூரியை 6-4 என்று ஜெயித்தது. அடுத்த சனிக்கிழமை பிரின்ஸ்டன் தன் ஊரில் 8-0 என்று திருப்பிக் கொடுத்தது. சீசன் முடிந்தது. இவ்வளவு சின்ன சீசனைப் பற்றி எழுதும்போதுதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சீசன் என்பதால், அந்தத் தவறுகளைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை.

முதல் தவறு அந்த 6-4 என்ற எண்ணிலேயே இருக்கிறது. டச் டவுனுக்கு, அதாவது பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவதற்கு, 6 புள்ளி, அப்படியானால் ரட்கர்ஸ் ஒரு டச் டவுன் போட்டிருக்கும் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். டச் டவுனுக்கு 6 புள்ளி என்று ஆனதே 1912-இல்தான். 1869-இல் டச் டவுனே கிடையாது. அந்த 6 என்பது 6 கோல். பந்து உருண்டை. அதைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது, எறியவும் கூடாது. காலால் உதைக்க வேண்டும், கையால் தட்டிவிடலாம். தலைக்கவசம், முட்டை வடிவப் பந்து, முன்னோக்கி வீசும் பாஸ் எல்லாவற்றையும் மனதிலிருந்து இறக்கி வைத்துவிட்டுத்தான் இந்த மைதானத்துக்குள் போக வேண்டும். முன்னோக்கி வீசும் பாஸ் விதிப்புத்தகத்தில் ஏறியது 1906-இல். தமிழில் நாம் வழக்கமாக 'அமெரிக்கக் கால்பந்து' என்று பிரித்துச் சொல்கிறோம். இந்த ஒரு சீசனுக்கு மட்டும் வெறும் 'கால்பந்து' என்றாலே பொருத்தமாக இருக்கும்.

அதற்காக "அது வெறும் சாக்கர்தான்" என்று மறுபக்கம் சாய்வதும் சரியில்லை. கையால் தட்டலாம் என்பது ஒன்று. அணிக்கு 25 பேர் என்பது இன்னொன்று. ரட்கர்ஸ் வீரர் ஜான் ஹெர்பர்ட் பிற்காலத்தில் சொன்ன விவரத்தைப் படித்தால் அந்த ஆட்டம் கண்முன் வரும்: இரண்டு பேர் எதிரணி கோலுக்குப் பக்கத்திலேயே காத்து நிற்பார்கள்; 11 பேர் தங்கள் பாதியில் காவல்; மீதி 12 பேர் பந்தோடு முட்டி மோதுபவர்கள், அவர்களுக்குப் பெயர் 'புல்டாக்'. சீருடை என்று எதுவும் இல்லை. தொப்பி, கோட்டுகளைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார்கள். ரட்கர்ஸ் பையன்களில் சிலர் தலையில் கருஞ்சிவப்புத் துணியைச் சுற்றிக்கொண்டார்கள். அந்தக் கல்லூரியின் நிறம் இன்றைக்கும் அதுதான். பார்க்க வந்தவர்கள் ஏறத்தாழ நூறு பேர். சிலர் தரையில் உட்கார்ந்தார்கள், சிலர் வேலியின் மேல்.

இப்போது பெரிய தவறுக்கு வருவோம். 6-4, 8-0 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "முதல் வாரம் ரட்கர்ஸ் நன்றாக ஆடியது, அடுத்த வாரம் சொதப்பிவிட்டது" என்று எழுதிவிடுவார்கள். இரண்டு சனிக்கிழமையும் ஒரே ஆட்டத்தை ஆடவில்லை என்பதுதான் விஷயம். எந்த ஊரில் ஆட்டமோ அந்த ஊர்க் கல்லூரியின் விதி. நியூ பிரன்ஸ்விக்கில் ஆடியபோது ரட்கர்ஸ் விதி. பிரின்ஸ்டன் பையன்கள் உயரமானவர்கள், உயரே வரும் பந்து அவர்களுக்குச் சாதகம் என்று பார்த்த ரட்கர்ஸ் கேப்டன் வில்லியம் லெகெட், பந்தைத் தரையோடு தரையாக, சின்னச் சின்ன உதையாகக் கொண்டுபோகச் சொன்னார். 4-4 என்று நின்ற ஆட்டத்தில் கடைசி இரண்டு கோலும் ரட்கர்ஸுக்கு விழுந்தது. அடுத்த வாரம் பிரின்ஸ்டன் விதி. அங்கே பந்தைக் கையால் பிடித்துவிட்டால், யாரும் குறுக்கே வராமல் ஒரு இலவச உதை கிடைக்கும். உயரமானவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அந்த 8-0 என்ற எண்ணைச் சொல்லும்போது இந்த ஒரு விதியையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், தோற்றவர்களுக்கு நாம் அநியாயம் செய்கிறோம் என்றே நினைக்கிறேன்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். அன்றைக்குப் பிரின்ஸ்டனின் அதிகாரப்பூர்வப் பெயர் நியூ ஜெர்சி கல்லூரி. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் ஆனது 1896-இல். புழக்கத்தில் பிரின்ஸ்டன் என்றே எழுதலாம், தப்பில்லை. ஆனால் '1869 என்சிஏஏ சீசன்' என்று எழுதுவது தப்பு. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அந்த அமைப்பின் தொடக்கமே 1906-இல்தான், அதுவும் வேறு பெயரில். அதேபோல 'தேசிய சாம்பியன்' பட்டம். பார்க் டேவிஸ் போன்ற ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் கழித்து, பின்னோக்கிப் பார்த்துக் கொடுத்த பட்டங்கள் அவை. அந்த நவம்பரில் எந்தப் பையனும் கோப்பையைத் தூக்கவில்லை. மூன்றாவதாக ஒரு ஆட்டமும் நடப்பதாக இருந்தது, நடக்கவில்லை. பையன்களின் படிப்பு கெடுகிறது என்று ஆசிரியர்கள் கவலைப்பட்டதைத்தான் பொதுவாகக் காரணமாகச் சொல்வார்கள்.

இன்னொன்று, இன்றைய ஆட்டத்தின் வேரை நேராக 1869-க்கு இழுத்துப்போய்க் கட்டுவது. பிறந்தநாள் அதுதான் என்று அமெரிக்கர்கள் கொண்டாடுவதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டம் அங்கேதான் தொடங்கியது. ஆனால் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் பழக்கம் வேறு வழியாக வந்தது. 1874 மே மாதம் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக அணி ஹார்வர்டுக்கு வந்து, முதல் நாள் ஹார்வர்டு விதியிலும் மறுநாள் ரக்பி விதியிலும் ஆடியது. ஹார்வர்டுக்கு ரக்பி பிடித்துப்போனது. 1876-இல் மற்ற பெரிய கல்லூரிகளும் அந்தப் பக்கம் வந்தன. அப்புறம் யேல் கல்லூரியின் வால்ட்டர் கேம்ப், 1880-இல் அணிக்கு 11 பேர் என்றும், பந்தை ஓர் அணி கையில் வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கும் முறையையும் கொண்டுவந்தார். 1882-இல் 'டவுன்' கணக்கு வந்தது, அதாவது இத்தனை முயற்சிக்குள் இவ்வளவு தூரம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். நாம் இன்று டிவியில் பார்ப்பது இதன் பேரப்பிள்ளை.

கடைசியாக, வேலி உடைந்த கதை. பிரின்ஸ்டனில் 'பிக் மைக்' என்று ஒரு ஆஜானுபாகு இருந்தார். அவரும் ரட்கர்ஸின் ஜார்ஜ் லார்ஜும் ஓடிவந்த வேகத்தில் வேலியில் மோத, அதன் மேல் உட்கார்ந்திருந்தவர்களோடு வேலியும் சரிந்தது என்பார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி. ஆனால் இதெல்லாம் ஆடியவர்கள் வயதான பிறகு சொன்ன நினைவுகளிலிருந்து வருகிறது. அந்த நவம்பரிலேயே ரட்கர்ஸ் மாணவர் இதழான 'டார்கம்' ஆட்டத்தைப் பற்றி எழுதியது. கோல் கணக்குக்கு டார்கத்தை நம்புங்கள். வேலிக் கதையைத் தாராளமாகச் சொல்லுங்கள், "ஆடியவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தபடி" என்ற மூன்று வார்த்தையோடு.