'பாதம்' என்னும் சொல்லின் மூல இந்தோ-ஐரோப்பிய வடிவத்தை மீட்பது எப்படி?

சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் முதலியவற்றுக்குப் பொதுத் தாயான மூல இந்தோ-ஐரோப்பிய மொழி எழுத்தில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை. அதன் சொற்களை மகள் மொழிகளை ஒப்பிட்டுத்தான் மீட்க வேண்டும். அப்படிக் கணித்த வடிவத்துக்கு முன்னால் உடுக்குறி (*) இடுவது மரபு. பழகிப் பார்க்க 'பாதம்' என்ற பொருளுள்ள பெயர்ச்சொல் மிக ஏற்றது.

ஒலிபெயர்ப்பில் ஒரு கவனம் தேவை. 'பாதி'யிலும் 'பத்து'விலும் எழுத்து த-தான், ஒலி வேறு. இங்கே உயிர்களுக்கு நடுவே ஒற்றைத் த வந்தால் 'பாதி'யின் ஒலி, த்த வந்தால் 'பத்து'வின் ஒலி. இதை விட்டால் இரண்டாம் படியிலேயே சறுக்கிவிடும்.

படி 1: சான்றுகள்

அகராதித் தலைச்சொல் மட்டும் போதாது. முதல், இரண்டாம், ஆறாம் வேற்றுமை வடிவங்களை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்.

வேத சமஸ்கிருதம்: பாத், பாதம், பதஸ்
கிரேக்கம்: போஸ் (தோரிய வழக்கு), பொத, பொதொஸ்
லத்தீன்: பேஸ், பெதெம், பெதிஸ்
கோதிக் (பழைய ஜெர்மானிய மொழி): ஃபோத்துஸ் (முதல் வேற்றுமை)
ஆர்மீனியம்: ஒத்ன் (முதல் வேற்றுமை)

தமிழின் 'பாதம்' இந்தப் பட்டியலில் வரக்கூடாது. அது சமஸ்கிருதத்திலிருந்து வந்த கடன்சொல். நம்முடையவை அடி, தாள், கால். ஆங்கிலத்தில் 'ஃபுட்' சேரும், 'பெடல்' சேராது. பின்னது லத்தீன் வழி வந்தது. கடன்சொல்லைச் சாட்சியாக்கினால் ஒரே சாட்சியை இருமுறை எண்ணியதாகிவிடும்.

படி 2: மெய்கள்

சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றிலும் ப. கோதிக்கில் ஃப. ஆர்மீனியத்தில் ஒன்றுமில்லை. பெரும்பான்மையை மட்டும் பார்த்து முடிவுகட்டாதீர்கள்; அதே பொருத்தம் வேறு சொற்களிலும் திரும்ப வருகிறதா என்று தேடுங்கள். தந்தைக்கு லத்தீன் 'பத்தெர்', ஆங்கிலம் 'ஃபாதர்'. மூல ப ஜெர்மானியத்தில் ஃப ஆகும்: மொழியியலாளர்களான ராஸ்க் 1818-இல் கவனித்து, யாக்கோப் கிரிம் 1822-இல் முறைப்படுத்திய விதி இது. அதே விதிப்படி 'பாதி'யின் த, ஜெர்மானியத்தில் 'பத்து'வின் த ஆகும். ஆகவே மெய்கள் ப, ஒலிப்புள்ள த (அதாவது 'பாதி'யின் த).

படி 3: உயிர்கள்

இங்கேதான் பொறுமை வேண்டும். கிரேக்கத்தில் எங்கும் ஒ, லத்தீனில் எங்கும் எ. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். தேர்ந்தெடுக்காதீர்கள், இரண்டுமே பழையவை.

தீர்ப்பு சமஸ்கிருதத்தில் இருக்கிறது. அங்கே எ, ஒ இரண்டும் அ ஆகிவிட்டன. ஆனால் இரண்டாம் வேற்றுமையில் நெடில் (பாதம்), ஆறாம் வேற்றுமையில் குறில் (பதஸ்). மெய்யில் முடியாத அசையில் நின்ற பழைய ஒ சமஸ்கிருதத்தில் ஆ ஆகும் என்று 1876-இல் மொழியியலாளர் புருக்மன் காட்டினார். எனவே இரண்டாம் வேற்றுமையில் இருந்தது ஒ. ஆறாம் வேற்றுமையில் நீளவில்லை, ஆகவே அங்கே எ. லத்தீன் 'பெதிஸ்' அதையே சொல்கிறது.

அப்படியானால் கிரேக்கத்தின் எ எங்கே போனது? வேற்றுமை வரிசையில் ஒ பரவி அதை விழுங்கிவிட்டது. ஆனால் செருப்பைக் குறிக்கும் 'பெதீலொன்', தரையைக் குறிக்கும் 'பெதொன்' இரண்டிலும் அது பத்திரமாக இருக்கிறது. வரிசையிலிருந்து விலகிப்போன சொற்களைக் கட்டாயம் துழாவுங்கள்.

முதல் வேற்றுமையில் அசை மெய்யில் முடிவதால் புருக்மன் விதி செல்லாது; சமஸ்கிருத நெடில் பிறவி நெடில். தோரிய, கோதிக் வடிவங்கள் அது ஓ என்கின்றன.

படி 4: விகுதிகள்

இரண்டாம் வேற்றுமையில் கிரேக்கம் -அ, லத்தீன் -எம். பத்தைக் குறிக்கும் 'தெக்க', 'தெக்கெம்' சொற்களிலும் இதே இணை. உயிரின் துணையின்றித் தானே அசையாக நின்ற ம்-தான் இரண்டுக்கும் மூலம். ஆறாம் வேற்றுமைக்கு -எஸ்; அழுத்தம் விகுதியில்.

முதல்: *போத்ஸ்
இரண்டாம்: *பொத்ம்
ஆறாம்: *பெதெஸ்

ஆறாம் வேற்றுமையில் அழுத்தம் முதலில் வேரில்தான் இருந்தது, வடிவம் *பெத்ஸ் என்று கொள்ளும் அறிஞர்களும் உண்டு.

படி 5: திருப்பிச் சோதித்தல்

மீட்ட வடிவத்திலிருந்து ஒவ்வொரு மொழிக்கும் விதிகளை வரிசையாக ஓட்டுங்கள். *பொத்ம்: ஆர்மீனியத்தில் ப விழுந்து, 'பாதி'யின் த 'பத்து'வின் த ஆகி, ம் ன் ஆனால் 'ஒத்ன்'. அதாவது, ஆர்மீனியத்தின் முதல் வேற்றுமை உண்மையில் பழைய இரண்டாம் வேற்றுமை. ஜெர்மானியத்தில் அதே ம் 'உம்' ஆகும். கோதிக் 'ஃபோத்துஸ்' சொல்லின் நடுவில் நிற்கும் உ அங்கிருந்து வந்தது என்றே பொதுவாக விளக்குகிறார்கள்.